ஸ்டுடியோ உருவப்படத்தைத் திருத்தும்போது தோல் மெழுகுபோல ஆகாமல் காப்பது எப்படி?

ஸ்டுடியோவில் சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெட்டி) வெளிச்சத்தில் எடுத்த முகப்படத்தை எந்த வரிசையில் திருத்துவது என்றும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தோல் ஏன் மெழுகு பொம்மையின் தோலைப்போல ஆகிவிடுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். டச்சப் வேலையை அன்றாடம் செய்பவன் என்ற முறையில் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை பிடிபட்டால் வரிசை பெரும்பாலும் தானாக அமைந்துவிடும்.

தோலை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டு அளவிலான விவரங்கள் அதில் கலந்திருப்பது தெரியும். மயிர்க்கால்கள், பூனைமுடி, நுண்ணிய வரிகள் ஆகியவை சில பிக்சல்களுக்குள் அடங்கிவிடுபவை. கண்ணுக்குக் கீழுள்ள கருமை, கன்னத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் வெளிறல், வாயோரத்து நிழல் ஆகியவை அவற்றைவிடப் பல மடங்கு பெரியவை. பார்ப்பவர் கண்ணை உறுத்துவது அநேகமாக எப்போதும் இந்தப் பெரிய திட்டுகள்தான். ஆனால் தோலை மென்மையாக்குவதாகச் சொல்லும் கருவிகளும் படத்தை மங்கலாக்கும் காஸியன் பிளரும் முதலில் அழிப்பது மயிர்க்கால்களை. மயிர்க்கால்கள் போய்விடுகின்றன, திட்டுகளோ சற்று மங்கலாகி அங்கேயே தங்கிவிடுகின்றன, அதனால்தான் அழுக்கும் நீங்காமல் உயிரும் இல்லாமல் ஒரு பரப்பு நமக்குக் கிடைக்கிறது. நீங்கள் சமன்செய்ய வேண்டியது வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை மட்டுமே; மயிர்க்கால்களைத் தொட வேண்டிய அவசியம் மிக அரிதாகத்தான் வரும்.

இவ்வளவு திருத்தத்தையும் தாங்குவதற்குக் கோப்பில் சரக்கு இருக்க வேண்டும். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. 8 பிட் ஜேபெக்கில் 256 மட்டுமே. முகத்தில் இந்த வேறுபாடு உடனே தெரியாமல் போகலாம், ஆனால் ஓரத்தை நோக்கி மெல்ல இருளும் பின்னணித் திரையில் வெளிச்ச அளவை மாற்றும் கர்வ்ஸை இரண்டு முறை இழுத்த உடனேயே பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்துவிடும். ஆகவே ராவிலிருந்து தொடங்கி, 16 பிட்டில் வேலை செய்யுங்கள். படம் எடுக்கும்போதே முதல் பிரேமில் சாம்பல் அட்டையை முகத்தருகே பிடிக்கச் சொல்லியிருந்தால், வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும் நிறச் சமநிலையை) ஒரே சொடுக்கில் சரிசெய்துவிடலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வெளிச்சம் முற்றிலும் வெளுத்துப் போயிருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள், ஏனெனில் விவரமே பதிவாகாத இடத்தில் பின்னால் எந்த வித்தையும் பலிக்காது.

பிரஷைத் தொடுவதற்கு முன் படத்தைச் சிறிதாக்கிச் சற்று நேரம் பார்ப்பது நல்லது. இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், பழகிப்போன கண்ணுக்குத் தட்டுப்படாத கோணல்களும் திட்டுகளும் தெரியும். அப்போது கண்ணில் பட்டவற்றை ஒரு தனி லேயரில் (படத்தின்மேல் அடுக்கும் ஒளிபுகும் தாள்போன்றது) வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடிய பரு, கீறல், வெடிப்பு ஆகியவற்றை எடுத்துவிடலாம் என்பதும், மச்சம், தழும்பு, இயல்பான சுருக்கம் ஆகியவை அந்த மனிதருக்கு உரியவை, அவர் கேட்டாலன்றி அவற்றைத் தொடக்கூடாது என்பதும் நான் கடைப்பிடிக்கும் வழக்கம். உதட்டோரத்து மச்சத்தை அழித்துவிட்டுப் படத்தைக் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொள்பவர் தம் முகத்தையே தேட நேரும்.

எடுக்க வேண்டியவற்றை ஒரு வெற்று லேயரில், அந்த லேயரிலும் கீழுள்ளவற்றிலுமிருந்து மாதிரி எடுக்கும்படி, குறையை அருகிலுள்ள தோலால் மூடும் ஃபோட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷை அமைத்துக்கொண்டு எடுங்கள். 2002இல் ஃபோட்டோஷாப் 7 பதிப்பில் இந்தக் கருவி வரும் வரை ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்ப் ஒன்றுதான் கதி. அதில் வெளிச்சத்தையும் நிறத்தையும் நாமே கணக்கிட்டுப் பொருத்த வேண்டியிருந்தது. ஹீலிங் பிரஷ் அந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது என்றாலும், மாதிரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை அது நமக்காகத் தீர்மானிப்பதில்லை. மூக்கின் மயிர்க்கால்கள் பெரியவை, நெற்றியினுடையவை நெருக்கமானவை, கன்னத்துப் பூனைமுடிக்கு ஒரு திசை உண்டு. எனவே பருவுக்கு அருகிலிருந்தே, வெளிச்சம் ஒரே கோணத்தில் படும் இடத்திலிருந்தே மாதிரி எடுங்கள். பிரஷ் பருவைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். தாடை பின்னணியைத் தொடும் விளிம்பில் மட்டும் ஹீலிங் பிரஷ் இரு பக்க நிறங்களையும் குழப்பிக் கறையாக்கிவிடும் என்பதால், அங்கே இன்றும் குளோன் ஸ்டாம்ப்தான் கைகொடுக்கும். 100 விழுக்காட்டுப் பெரிதாக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். 300 விழுக்காட்டில் ஒவ்வொரு மயிர்க்காலும் குறையாகத்தான் தெரியும்.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. டாட்ஜ் அண்ட் பர்ன் என்பது இருண்ட திட்டுகளைச் சற்று வெளுப்பாக்கி, வெளுத்த திட்டுகளைச் சற்று இருட்டாக்கி, சுற்றுப்புறத்தோடு சமன்செய்வது. வெளிச்சத்தை உயர்த்தும் கர்வ்ஸ் லேயர் ஒன்றையும் தாழ்த்தும் கர்வ்ஸ் லேயர் ஒன்றையும் வைத்து, இரண்டின் மாஸ்க்கையும் (லேயர் எங்கே தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது; கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்) கறுப்பால் நிரப்பிவிட்டு, வெள்ளை நிறம் கொண்ட மென்மையான பிரஷால் வேண்டிய இடத்தில் மட்டும் தடவ வேண்டும். ஃப்ளோ, அதாவது ஒரு தடவலில் பிரஷ் இடும் அளவு, 1 முதல் 3 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். ஒரு தடவலில் மாற்றம் தெரிந்தால் ஃப்ளோ அதிகம் என்று பொருள்; நாலைந்து தடவல்கள் சேர்ந்துதான் ஒரு திட்டு கரைய வேண்டும். திட்டுகளை எளிதில் அடையாளம் காண, எல்லாவற்றுக்கும் மேலே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் லேயர் ஒன்றையும் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும் கர்வ்ஸ் ஒன்றையும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவ்வப்போது அணைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த மிகைப்படுத்திய காட்சிக்கேற்ப நம் கையும் மிகையாகிவிடும்.

கண்ணின் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொள்வோம். இமைக்குக் கீழே மெல்லிய கருங்கோடாக ஒரு மடிப்பு, அதன்கீழ் வெளிச்சம் பட்டு மேடாகத் தெரியும் சிறு பை, அதற்கும் கீழே மூக்கின் பக்கத்திலிருந்து கன்னத்தை நோக்கிச் சாயும் இருண்ட பள்ளம் என மூன்று அடுக்குகள் அங்கே இருக்கின்றன. களைப்பைக் காட்டுவது அநேகமாக மூன்றாவது மட்டுமே. அந்தப் பள்ளத்தை அதன் இருட்டில் பாதியளவு குறையும் வரை வெளுப்பாக்கி, பையின் உச்சி வெளிச்சத்தை ஓரிரு தடவலில் தணித்துவிட்டு, மேலேயுள்ள மடிப்பைக் கைவைக்காமல் விட்டுவைத்தால், நபர் நன்றாக உறங்கி எழுந்தவர்போலத் தெரிவார். மூன்றையும் துடைத்துவிட்டால் கண் முகத்தில் ஒட்டவைத்ததுபோல மிதக்கும். மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் கோட்டிலும் இதே கணக்குதான். ஆழத்தைக் குறைக்கலாம், கோட்டை நீக்கக்கூடாது.

இதெல்லாம் கணினியோடு வந்த யுக்தி அல்ல. கண்ணாடித் தகடும் பிலிமும் இருந்த காலத்தில் டச்சப் செய்பவர்கள் நெகட்டிவின் பூச்சுப் பக்கத்தில் பென்சில் பிடிக்கும்படி ஒரு மெருகைத் தேய்த்துவிட்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளிபுள்ளியாக அடர்த்தியைக் கூட்டுவார்கள். அந்த இடம் அச்சில் வெளுப்பாக விழும். 19ஆம் நூற்றாண்டின் கொலோடியன் தகடுகள் நீல ஒளிக்கே பதிலளித்தன, சிவப்பை உணரவில்லை. அதனால் சிவந்த பருவும் தோலின் பழுப்புப் புள்ளிகளும் நேரில் தெரிவதைவிடக் கறுத்து விழுந்தன, பென்சிலுக்கும் வேலை பெருகியது.

ஃப்ரீக்வென்சி செபரேஷன் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். படத்தை இரண்டு பிரதி எடுத்து, கீழ்ப்பிரதியைக் காஸியன் பிளரால் மயிர்க்கால்கள் மறையும் அளவு மட்டும் மங்கலாக்கி, மேல்பிரதியில் அப்ளை இமேஜ் மூலம் அந்த மங்கலைக் கழித்து, லினியர் லைட் என்ற கலப்பு முறையில் வைத்தால், நிறமும் வெளிச்சமும் கீழே, நுண்விவரம் மேலே என்று பிரிந்துவிடும். அப்ளை இமேஜில் தர வேண்டிய அமைப்பு 8 பிட்டில் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட்டில் இன்வெர்ட்டைத் தேர்ந்துகொண்டு ஆட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோர் கிரெய்ன் எக்ஸ்ட்ராக்ட், கிரெய்ன் மெர்ஜ் ஆகியவற்றால் இதையே செய்யலாம். பின்னணித் திரையின் சுருக்கத்துக்கும் துணியின் கசங்கலுக்கும் இது அருமையான முறை. முகத்துக்கு நான் கடைசியாகத்தான் இதை நாடுவேன். கீழ் லேயரில் பெரிய பகுதிகளைத் தேர்ந்து மங்கலாக்கும்போது கன்ன எலும்பு எங்கே எழுகிறது, எங்கே சரிகிறது என்பதைச் சொல்லும் நிழலும் கரைந்துவிடுகிறது. மேலே மயிர்க்கால்கள் பத்திரமாக இருந்தும் முகம் தட்டையாகிவிடும். இதுவும் மெழுகுதான், சற்று விலையுயர்ந்த மெழுகு.

நெற்றிப் பளபளப்பைத் தணிக்க, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து, பூசும் நிறத்தைவிட வெளுத்ததை மட்டும் இருட்டாக்கும் டார்க்கன் முறையிலுள்ள புதிய லேயரில் மிகக் குறைந்த ஒப்பாசிட்டியில் (ஒளிபுகாமையில்) பூசுங்கள். முழுவதும் நீக்கிவிடாதீர்கள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

நிறத்தைப் பொறுத்தவரை, முகம், காது, கழுத்து, கை ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். காதும் விரல் முட்டிகளும் சிவந்திருப்பது வழக்கம். நிறத்தையும் அதன் செறிவையும் மாற்றும் ஹியூ சாச்சுரேஷனில் சிவப்பை மட்டும் தேர்ந்து, மாஸ்க் வழியாகச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்தினால் அடங்கிவிடும். பர்ன் செய்த இடங்கள் செம்மை ஏறித் தெரிந்தால் அந்த கர்வ்ஸ் லேயரை வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லூமினாசிட்டி முறைக்கு மாற்றிப் பாருங்கள். தோலின் நிறத்தையே வெளுப்பாக்கித் தருவதை நான் திருத்தமாகக் கருதுவதில்லை. கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம் தரும் மினுக்கமும் ஆழமும் அந்த வெளுப்பில் சாம்பலாகிப் போவதைப் பார்த்தாலே காரணம் புரியும்.

கண்ணில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கருவிழியில் வெளிச்சப் புள்ளி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் போதும். வெண்விழியில் சிவப்பைக் குறைக்கலாம், ஆனால் தூய வெள்ளையாக்கக்கூடாது, ஓரங்களிலுள்ள நிழல் இருந்தால்தான் அது உருண்டையாகத் தெரியும். இரண்டு விளக்குகள் வைத்து எடுத்திருந்தால் நிழலைக் குறைக்க வைத்த நிரப்பு விளக்கின் சிறிய பிரதிபலிப்பை நீக்கிவிடுங்கள். பற்களில் மஞ்சளின் அடர்வை மட்டும் தணியுங்கள். பறக்கும் முடிகளில் முகத்தைக் குறுக்கே வெட்டுபவற்றை எடுத்துவிட்டு, வெளிக்கோட்டில் சிலவற்றையாவது விட்டுவையுங்கள்.

வடிவத்தை இழுத்து நகர்த்தும் லிக்விஃபையைத் துணி புடைத்த இடத்துக்கும், லென்ஸ் அருகாமையால் பெருத்துத் தெரியும் பகுதிக்கும் பயன்படுத்தலாம். உடலின் வடிவை மாற்றுவது வேறு விஷயம்; விளம்பரப் படங்களில் அவ்வாறு மாற்றியிருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று பிரான்ஸில் 2017 அக்டோபர் முதலும் நார்வேயில் 2022 ஜூலை முதலும் விதி உண்டு. பாஸ்போர்ட்டுக்கான படமானால், திருத்திய படங்களைப் பல நாடுகள் ஏற்பதில்லை என்பதால், இங்கே சொன்ன எதையும் அதில் செய்ய வேண்டாம்.

முடிந்ததும் எல்லாத் திருத்தங்களையும் ஒரு குரூப்பில் போட்டு ஒப்பாசிட்டியை 0 வரை இறக்கி, மெல்ல ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலான படங்கள் எனக்கு 70 அல்லது 80இல் நன்றாக இருக்கும்; மறுநாள் பார்த்தால் இன்னும் சற்றுக் குறைக்கத் தோன்றும். கூர்மை கூட்டும் ஷார்ப்பனிங்கை இறுதி அளவுக்கு மாற்றிய பிறகு, கண், இமைமுடி, உதடு ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளி, அச்சுக்கு வழக்கமாக 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்). திரையில் பொலிவாக இருந்த படம் தாளில் இருண்டு விழுவதாகத் தோன்றினால் முதலில் மானிட்டரைச் சந்தேகியுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 100 கேண்டிலா அளவுக்கு வெளிச்சத்தைத் தாழ்த்திவிட்டு அதே கோப்பை மறுபடி பாருங்கள். லேயர்களோடு கூடிய கோப்பை அழித்துவிட வேண்டாம், ஏனென்றால் படத்துக்கு உரியவர் அந்தத் தழும்பு இருக்கட்டும் என்று பிறகு கேட்கக்கூடும்.