ஏற்றத்தில் இழுக்காத டீசல் கார்: பம்ப்பை மாற்றும் முன்

கேள்வி: என் வண்டி 2014 ஸ்விஃப்ட் டிசையர் டீசல், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. கொஞ்ச நாளாக ஏற்காடு மலை ஏறும்போது இழுவை இல்லை, இன்ஜின் விளக்கு எரிகிறது. ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. இரண்டு தடவை ஓடும்போதே நின்றும்விட்டது. பம்ப், இன்ஜெக்டர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? - சேலம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எதை அளந்து பார்த்துச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் காமன் ரெயில் இன்ஜின். பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல் ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து இன்ஜெக்டர்கள் வழியாக இன்ஜினுக்குள் பீச்சப்படும். ஐடிலில் ரெயிலுக்குள் சுமார் 250, 300 பார் அழுத்தம் இருந்தால் போதும். ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்து மலை ஏறும்போது ஆயிரம் பாருக்கு மேல் வேண்டும். கேட்ட அழுத்தம் வராவிட்டால் இன்ஜினைக் காப்பாற்ற இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பவரைக் குறைத்துவிடும். ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்ததும் அது புதிதாகக் கணக்கைத் தொடங்குகிறது, அவ்வளவுதான். கோளாறு அங்கேயேதான் இருக்கிறது.

அதனால் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவைத்து ஸ்கேன் செய்தால் பாதிதான் தெரியும். ஸ்கேனரை மாட்டியபடியே ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும்: இசியு கேட்கும் ரெயில் அழுத்தம், நிஜமாக வரும் அழுத்தம். இரண்டும் சேர்ந்தே ஏறினால் டீசல் பக்கம் குறையில்லை. காற்றுப் பக்கம் பாருங்கள். கேட்டது 1,200, வந்தது 700 என்று விலகினால் டீசல்தான். பி0087 என்ற கோளாறு எண் அப்போது வரும். அதைப் பார்த்த உடனே ‘பம்ப் போச்சு’ என்பவர்கள் நிறையப் பேர். பம்ப்புக்கே போதிய டீசல் வந்து சேரவில்லை என்றாலும் இதே எண்தான் வரும்!

ஸ்கேனர் இல்லாமலே புகையைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். இழுக்காத நேரத்தில் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம், அல்லது டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம். இந்தக் கிழிசல் நின்ற வண்டியில் கண்ணுக்குத் தெரியாது, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். ஆயில் பிசுக்குப் படிந்த இடத்தை மடக்கிப் பாருங்கள். புகையே இல்லாமல் இழுவை மட்டும் போகிறது என்றால் டீசல் வரத்தைச் சந்தேகிக்கலாம்.

அங்கே முதல் ஆள் டீசல் ஃபில்டர். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். ஃபில்டரை மாற்றியும் தீரவில்லையா? ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸுக்குப் பதிலாகத் தற்காலிகமாக டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் டியூப் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். அதில் குமிழிகள் தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் ஒரு கிளாம்ப்போ ஓ-ரிங்கோதான் காரணமாக இருக்கும்.

ஓடும்போதே நிற்பது தனி நோயாகவும் இருக்கலாம். சூட்டில் நின்று, ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். நின்றவுடன் செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் சந்தேகம் வலுக்கும். வயரையும் கனெக்டரையும் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றலாம். இது தீரும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும், ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும்.

இன்ஜெக்டரிலிருந்து மிஞ்சித் திரும்பும் டீசலை ஒப்பிட்டுப் பார்க்க ரிட்டர்ன் டெஸ்ட் உண்டு. நான்கின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட்டினால், ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த ஒன்றுதான் கசிகிறது. நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய டீசல் வண்டிப் பழக்கத்தில் ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதில் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

மெக்கானிக் சொன்னது சரியாகும் இடம் ஒன்று உண்டு. கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். வெள்ளிப்பொடி போல உலோகத் துகள் மினுங்கினால் பம்ப் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. அப்போது பம்ப்போடு ரெயில், பைப்புகள், டேங்க் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்துத் தேறாததை மாற்ற வேண்டும். பம்ப்பை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் துகள் புது பம்ப்பையும் தின்றுவிடும்.