கேசட்டை ஊதாதீர்கள்: பழைய வீடியோ கேம் கருவிகள் பற்றிக் கேள்வி பதில்

பழைய வீடியோ கேம் பெட்டிகளையும் கேசட்டுகளையும் சுத்தம் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று. திரும்பச் சரிசெய்ய முடியாத வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். "ஓடவில்லை" என்று என்னிடம் வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றுதான்: தொடுமுனைகளில் அழுக்கு. அதைத் துடைக்காமல் சால்டரிங் இரும்பைக் கையில் எடுக்க வேண்டாம்.

கேள்வி: சின்ன வயதில் கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதிவிட்டுப் போடுவோம், உடனே ஓடும். இப்போது எல்லோரும் ஊதக்கூடாது என்கிறார்கள். அப்போது ஓடியது எப்படி அண்ணா?

ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மறுபடி செருகியதால் ஓடியது. ஒவ்வொரு முறை செருகும்போதும் கேசட்டின் பின்கள், அதாவது உலோகத் தொடுமுனைகள், ஸ்லாட்டுக்குள் உரசிக்கொண்டு இறங்கும். படிந்திருந்த மெல்லிய கறை கொஞ்சம் விலகும், தொடர்பு கிடைக்கும். ஊதாமல் இரண்டு தடவை எடுத்துப் போட்டிருந்தாலும் அதே பலன்தான். ஊதும்போது மூச்சின் ஈரமும் எச்சில் துளியும் பின்களில் போய் உட்காரும். பூச்சு தேய்ந்த இடத்தில் அந்த ஈரம் செம்பை அரிக்கும். இந்தக் கேசட்டுகளை விற்ற நின்டெண்டோ நிறுவனமே ஊதாதீர்கள் என்றுதான் சொல்லி வந்தது.

சரியான முறை இது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பட்ஸை அதில் லேசாக நனைத்து, பின்கள் ஓடும் திசையிலேயே மேலும் கீழுமாகத் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் பஞ்சு நூல் பின்னின் ஓரத்தில் மாட்டும். முதல் பட்ஸ் கருப்பாக வரும், அடுத்தது சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். இரண்டு பக்கமும் முடித்ததும் நன்றாக உலர விட்டுப் போடுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தாதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், பிசுபிசுப்பு தங்கிவிடும்.

கேள்வி: பென்சில் ரப்பரால் தேய்த்தால் பளபளவென்று வருகிறதே?

பளபளப்பது பூச்சு தேய்வதால்தான். பின்களின் மேல் இருக்கும் தங்கப்பூச்சு மிக மெல்லியது. ஆல்கஹாலுக்கு அசையாத கறைக்கு மட்டும், மென்மையான வெள்ளை ரப்பரால் ஓரிரு தடவை தேய்க்கலாம். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர், உப்புத்தாள், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம்.

கேள்வி: டொரண்டோவில் இருக்கிறேன். பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒரு என்.இ.எஸ். (நின்டெண்டோவின் பழைய கேம் பெட்டி) வாங்கினேன். ஆன் செய்தால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, திரையும் கூடவே மின்னுகிறது. போர்டு போய்விட்டதா?

போகவில்லை, கவலைப்படாதீர்கள். இது அந்தப் பெட்டியின் பிறவிக் குணம். ஜப்பானில் 1983-ல் இதே பெட்டி ஃபாமிகாம் என்ற பெயரில் வந்தபோது கேசட்டை மேலிருந்து நேராகச் செருகினார்கள். 1985-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும்போது பொம்மை மாதிரித் தெரியாமல் வி.சி.ஆர். மாதிரித் தெரிய வேண்டும் என்று முன்பக்கம் உள்ளே தள்ளி, கீழே அழுத்தும் அமைப்பை வைத்தார்கள். அந்த அழுத்தத்தில் 72 பின் கனெக்டரின் தகடுகள் வருடக்கணக்கில் வளைந்து தளர்ந்துவிடும். கூடவே, அனுமதியில்லாத கேசட்டுகளைத் தடுக்க ஒரு பூட்டுச் சிப்பும் வைத்தார்கள். பெட்டியில் ஒன்று, கேசட்டில் ஒன்று. இரண்டும் தொடர்ந்து பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு அறுந்தால் பெட்டியில் உள்ள சிப் இயந்திரத்தை வினாடிக்கு ஒரு தடவை ரீசெட் செய்யும். நீங்கள் பார்க்கும் மின்னல் அதுதான்.

முதலில் கேசட்டைச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் மின்னினால் பெட்டியைத் திறக்கலாம், சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். மேல்மூடி, தகரக் கவசம், கேசட் தட்டு மூன்றையும் எடுத்தால் கனெக்டர் போர்டின் ஓரத்திலிருந்து கையாலேயே உருவி வரும். அதைக் கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, ஒரு கேசட்டைச் செருகிச் செருகி எடுத்து, மறுபடி கொதிக்க வையுங்கள். முப்பது வருட அழுக்கு தண்ணீரில் இறங்குவது கண்ணால் தெரியும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கனெக்டர் உட்காரும் போர்டின் ஓரத்தையும் ஆல்கஹாலால் துடைக்க மறக்காதீர்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

புது கனெக்டர் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அவற்றில் பல கேசட்டை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது, இழுத்து எடுக்கும்போது பின்களைச் சுரண்டும். பழையதைத் தேற்ற முடிந்தால் அதுவே மேல். பூட்டுச் சிப்பின் 4-வது காலைத் தூக்கிவிட்டால் மின்னல் நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் தொடர்பு மோசமாகவே இருந்தால் அப்போதும் குப்பையான படம்தான் வரும்.

கேள்வி: வீட்டில் பரணில் மஞ்சள் கேசட்டோடு என்னுடைய பழைய டிவி கேம் கிடந்தது. '9999 இன் 1' என்று எழுதியிருக்கிறது. இதெல்லாம் ரிப்பேர் செய்யத் தகுதியானதா சார், இல்லை தூக்கிப் போடலாமா?

தூக்கிப் போடாதீர்கள்! நம் ஊரில் தொண்ணூறுகளில் வளர்ந்த பலருக்கு நின்டெண்டோ என்ற பெயரே தெரியாது. மாரியோவும் கான்ட்ராவும் நம் வீட்டுக்கு வந்தது இந்தப் பெட்டிகள் வழியாகத்தான். இவை ஃபாமிகாமின் நகல்கள். அந்த 60 பின் அமைப்பு அப்படியே இருப்பதால் அசல் ஜப்பான் கேசட்டுகளும் இவற்றில் பெரும்பாலும் ஓடும். சேகரிப்பாளர்கள் விலை கொடுக்க மாட்டார்கள், சரி. நம் ஊரின் வீடியோ கேம் வரலாறு இதில்தானே இருக்கிறது?

மஞ்சள் கேசட்டைத் திறந்து பாருங்கள். ஓடு அவ்வளவு பெரிது, உள்ளே பாதிக்கும் குறைவான ஒரு பச்சைப் போர்டு, அதன் நடுவே கருப்புப் பிசின் சொட்டு. சிப் அந்தப் பிசினுக்கு அடியில் இருக்கிறது. அது போனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அது அவ்வளவு எளிதில் போவதில்லை. இவற்றில் பழுதாகும் இடங்கள் வேறு. ஜாய்ஸ்டிக் வயர் உள்ளே நுழையும் இடத்தில் அறுந்திருக்கும், அடாப்டர் செருகும் ஜாக்கின் சால்டர் விரிசல் விட்டிருக்கும், பவர் ஸ்விட்ச் துருப்பிடித்திருக்கும். சால்டரிங் தெரிந்த எந்த டிவி மெக்கானிக்கும் இதைச் சரிசெய்துவிடுவார். அடாப்டரை மட்டும் பழையதையே நம்ப வேண்டாம். மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: ஃபாமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபாமிகாம் ஒன்று இருக்கிறது. மேல்பாதி சாம்பல் நிறம், கீழ்ப்பாதி டீக்கறை மாதிரி மஞ்சள். பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

வெளுக்கும். ஆனால் நான் செய்வதில்லை. அந்த ஓடு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். தீப்பிடிக்காமல் இருக்க அதில் புரோமின் சேர்ந்த பொருள் கலந்திருக்கும். காலப்போக்கில் வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது. இரண்டு பாதியும் வேறு வேறு கலவையில் வார்க்கப்பட்டதால்தான் ஒன்று மஞ்சளாகி மற்றது அப்படியே இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்ந்தால் நிறம் திரும்பும் என்று 2008 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் நிறம் நிரந்தரமில்லை. அலமாரியில் வைத்திருந்தாலும் மஞ்சள் திரும்ப வரலாம். பெராக்சைடு க்ரீம் ஒரே சீராகப் படியாவிட்டால் பளிங்குக் கல்லில் இருப்பது போன்ற வெள்ளைக் கோடுகள் விழும். அவற்றை எடுக்க வழி கிடையாது. அப்படிக் கெட்ட ஓடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வெறும் அழுக்கா, உண்மையான மஞ்சளா என்று முதலில் பாருங்கள். போர்டைக் கழற்றிவிட்டு ஓட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல்துலக்கியால் கழுவுங்கள். சிகரெட் புகைக்கறை பாதி இதிலேயே போகும். அப்புறமும் வெளுக்கத்தான் வேண்டும் என்றால் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, உடைந்த ஓடு ஒன்றில் முதலில் செய்து பாருங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து நண்பர் அசல் ஃபாமிகாம் கொண்டுவந்தார். நேராக ப்ளக்கில் செருகலாமா?

செருகாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. அடாப்டர் எரிந்துவிடும். ஒன்று, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அல்லது 850 மில்லியாம்பியருக்குக் குறையாத, தரமான 9 வோல்ட் டி.சி. அடாப்டர். இரண்டாவது வழியில் கவனம் வேண்டும்: ஃபாமிகாமுக்கு நடு முனை நெகட்டிவ். இங்கே கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். மாற்றிப் போட்டால் போர்டு போகும். அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டரும் ஆகாது, அது ஏ.சி. கொடுக்கும்.

படமும் உடனே வராது. அது ஜப்பானின் 1, 2-ஆம் சேனல்களில் ஒளிபரப்பும். அந்த அலைவரிசை இங்கே எஃப்.எம். ரேடியோவுக்கு உரியது, நம் டிவிகள் அங்கே தேடுவதில்லை. ஏ.வி. வெளியீடு வைத்துத் தரும் ஆளைப் பிடிக்க வேண்டும். 1993-ல் வந்த ஏ.வி. ஃபாமிகாமில் அது உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: போக்கிமான் கோல்டு கேசட்டில் கேம் சேவ் ஆவதில்லை. போர்டு கெட்டுவிட்டதா?

உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்தக் காலக் கேசட்டுகளில் சேவ் தகவல் மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும். கோல்டு, சில்வர் இரண்டிலும் அதே பேட்டரி கடிகாரத்தையும் ஓட்டுவதால் சீக்கிரம் தீரும்.

கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் பிட் வேண்டும், அதாவது இந்த ஸ்க்ரூக்களுக்கான தனி வகை ஸ்க்ரூடிரைவர் முனை. பெட்டிகளுக்கு, அதாவது சூப்பர் ஃபாமிகாம், நின்டெண்டோ 64 போன்றவற்றுக்கு 4.5. பேனா மூடியை உருக்கித் திருகும் வித்தையெல்லாம் வேண்டாம், ஸ்க்ரூ கெட்டுப்போகும். உள்ளே சி.ஆர். 2025 என்ற பேட்டரி இருக்கும். முதல் இரண்டு எண் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்தது தடிமன், 2.5. இரண்டு பக்கமும் தகடு வைத்து வரும் பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண பேட்டரியின் மேல் நேராக சால்டரிங் இரும்பை வைத்தால் அது வெடிக்கலாம். டேப் சுற்றி ஒட்டினால் கொஞ்ச நாளில் நழுவும், சேவ் போகும்.

உங்கள் கேசட்டில் சேவ் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் வேறு கேசட்டில் பழைய சேவ் உயிரோடு இருந்தால், பேட்டரியில் கை வைப்பதற்கு முன் கேசட் ரீடர் கருவியால் கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள். கழற்றிய பிறகு அதை மீட்க வழியில்லை.

கேள்வி: கேம்பாயில் பேட்டரி ஒழுகி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. திரையிலும் செங்குத்தாகச் சில கோடுகளில் படமே தெரிவதில்லை.

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. ஆல்கலைன் பேட்டரியில் ஒழுகுவது காரம். வெள்ளை வினிகரில் நனைத்த பட்ஸால் தொட்டால் நுரைத்து அடங்கும். அப்புறம் ஈரத்துணி, கடைசியில் ஆல்கஹால். வினிகரை அப்படியே விட்டுவிட்டால் அதுவும் அரிக்கும்.

கோடுகளுக்குக் காரணம், திரையின் அடியில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் ரிப்பன் விட்டுப்போனது. குறைந்த சூட்டில் சால்டரிங் இரும்பை அந்த ஓரத்தில் மெதுவாக நகர்த்தினால் ஒவ்வொரு கோடாகத் திரும்பி வரும். கருவியை ஆன் செய்து வைத்துக்கொண்டே செய்வார்கள், எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரே இடத்தில் இரும்பை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சேகா கேம் கியர். சத்தமே இல்லை, படம் மங்கல்.

கெபாசிட்டர். போர்டில் மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் சின்ன உறுப்பு அது. 1990-ல் வந்த அந்தக் கையடக்கக் கருவியில் அநேகமாக எல்லாமே இப்படித்தான் ஆகின்றன. உள்ளிருக்கும் திரவம் ஒழுகிப் போர்டை அரிக்கும், இரும்பு பட்டதும் மீன் நாற்றம் அடிக்கும். அத்தனையையும் மாற்ற வேண்டும், போர்டையும் கழுவ வேண்டும். பழகாத கைக்கு இது முதல் வேலையாக இருக்கக்கூடாது. கொடுத்துச் செய்யுங்கள்.

கேள்வி: கேசட் லேபிளில் யாரோ மார்க்கரால் பெயர் எழுதியிருக்கிறார்கள். எப்படி அழிப்பது?

பிளாஸ்டிக் மேல் என்றால் ஆல்கஹால் பட்ஸ் போதும். காகித லேபிள் மேல் என்றால் விட்டுவிடுங்கள். மையோடு அச்சும் சேர்ந்து வரும்.

கேள்வி: கடற்கரை ஊர். எப்படிப் பத்திரப்படுத்துவது?

உப்புக்காற்றில் பின்கள் சீக்கிரம் கருக்கும். மூடி இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மழைக்காலம் முடிந்ததும் புதுப் பொட்டலம். கையடக்கக் கருவிகளில் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து விளையாடுங்கள், ஸ்விட்சுகளுக்கும் ஸ்லாட்டுக்கும் அந்த அசைவு நல்லது.