பார்வை 6/6 இருக்கிறதே, மூளை ஸ்கேன் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 27. மூன்று மாதமாகத் தலைவலி. கண்ணில் பவர் வந்திருக்கும் என்று நினைத்துப் பரிசோதனைக்குப் போனேன். பார்வை 6/6, கண்ணாடி வேண்டாம் என்றார்கள். ஆனால் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், "இரண்டு கண்ணிலும் ஆப்டிக் டிஸ்க் வீங்கினாற்போலத் தெரிகிறது, உடனே எம்ஆர்ஐ எடுங்கள்" என்கிறார். பார்வைதான் நன்றாக இருக்கிறதே, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா? ஓராண்டாக எடை கூடியிருக்கிறது. முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன். வேறு பிரச்சினை இல்லை.

பதில்: பொறுக்க வேண்டாம். இன்றோ நாளையோ ஸ்கேனுக்குப் போய்விடுங்கள்.

விழித்திரையில் பரவிக் கிடக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் ஒன்றுகூடிக் கண்ணை விட்டு வெளியேறும் வாசல்தான் ஆப்டிக் டிஸ்க். அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். மூளையைச் சுற்றியிருக்கும் உறையும் அதற்குள் இருக்கும் நீரும் பார்வை நரம்பைச் சுற்றியும் கண்வரை தொடர்ந்து வருகின்றன. அதனால் மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அது நரம்பு வழியாக வந்து டிஸ்க்கைப் புடைக்க வைக்கும். உங்கள் மருத்துவர் சந்தேகிப்பது இதைத்தான்.

அப்படியானால் பார்வை ஏன் மங்கவில்லை? சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை சோதிப்பது நடுப்பார்வையை மட்டும். இந்த வகை வீக்கத்தில் முதலில் தேய்வது ஓரப்பார்வை. நடுப்பார்வை பெரும்பாலும் கடைசியில்தான் கெடும். அதற்குள் இழைகள் பட்டுப்போனால் அவற்றை மீட்க முடியாது. 6/6 என்பதை நல்ல நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குனிந்து நிமிரும்போது சில நொடி பார்வை இருண்டு திரும்புகிறதா? காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து 'உஸ்... உஸ்...' என்று சத்தம் கேட்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பரு மாத்திரை, அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. டாக்ஸிசைக்ளின் வகை மருந்துகள் சிலருக்கு மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் பரு மருந்துகளும் அப்படியே. இளம்பெண்களுக்கு எடை கூடும்போது, கட்டி எதுவும் இல்லாமலே அழுத்தம் ஏறுவதும் உண்டு. மாத்திரை எழுதித் தந்தவரிடம் இன்றே பேசுங்கள். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார். அதற்காக, காரணம் கிடைத்துவிட்டது என்று ஸ்கேனை விட்டுவிடக் கூடாது. கட்டியோ, மூளையின் ரத்தக்குழாயில் உறைகட்டியோ இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். எம்ஆர்ஐயோடு எம்ஆர்வி என்ற சிரைகளுக்கான ஸ்கேனும் சேர்த்து எடுக்கலாமா என்று கேளுங்கள். பிபி மிக அதிகமாக ஏறினாலும் டிஸ்க் வீங்கும்; அதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் சரியாக இருந்தால், முதுகில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் அந்த நீரின் அழுத்தத்தை அளப்பார்கள். பெரியவர்களுக்கு அது 25 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்கு மேல் இருந்தால் அதிகம். அப்போது அசெட்டசோலமைடு மாத்திரையும் எடைக் குறைப்பும்தான் வழக்கமான சிகிச்சை. ஓரப்பார்வைச் சோதனையை மட்டும் விடாமல் செய்துவர வேண்டும்.

சில சமயம் இதெல்லாம் எதுவுமே இல்லாமலும் போகும். பிறவியிலேயே நெருக்கமாக அமைந்த டிஸ்க்கும், உள்ளே சுண்ணாம்புத் துகள்போலப் படிந்த டுரூசனும் வீக்கம்போலவே ஏமாற்றும். அனுபவசாலிகளும் ஏமாறியிருக்கிறோம், நான் உட்பட. கண் அல்ட்ராசவுண்டில் டுரூசன் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் தலைவலியோடு வருகிறவருக்கு அது டுரூசன்தான் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்ப முடியாது. உங்களுக்கு அதுதான் என்று முடிவானால், டிஸ்க்கின் புகைப்படம் ஒன்றை வாங்கி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்துப் பார்க்கும் மருத்துவரும் இதே ஸ்கேனை எழுதித் தருவார்.