என் முழங்கையில் ஒரு தழும்பு, அவன் கையில் ஒன்று

வணக்கம் மேடம்.

நான் கொடைக்கானலில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வயது 37. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பதினாறு வயதில் மதுரையில் ஒரு கடையில் கிளீனராகச் சேர்ந்தேன். மேசை துடைத்து, வெங்காயம் உரித்து, மாவு பிசைந்து, கல்லுக்கு முன்னால் வந்து நிற்க ஆறு வருடம் ஆனது. மலைக்கு வந்து ஒன்பது வருடம். மனைவியும் மகளும் வத்தலக்குண்டில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மலையில் மாவு நம் பேச்சைக் கேட்காது. குளிருக்கு மைதா இறுகிக்கொள்ளும், எவ்வளவு எண்ணெய் விட்டு ஊறவைத்தாலும் வீச்சுக்குச் சீக்கிரம் வராது. தோசை மாவு கீழே ஓர் இரவில் பொங்கிவிடும். இங்கே மார்கழியில் அடுப்பு ஓரமாகச் சாக்கு போர்த்தி வைத்தாலும் மறுநாள் மதியம் ஆகிவிடும். பருப்பு வேகவும் நேரம் பிடிக்கும். அதனால் எங்களுக்கு வேலை காலை ஐந்தரைக்கே ஆரம்பம். முடிவது எப்போது என்று சொல்ல முடியாது. ஏப்ரல், மே சீசனில், அதுவும் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில், இரவு பன்னிரண்டு மணிக்கும் வேனில் வந்து இறங்கி "ஏதாவது இருக்கா" என்று கேட்பார்கள். இல்லை என்று முதலாளி சொல்ல மாட்டார். அணைத்த கல்லை மறுபடி பற்ற வைப்போம்.

கல்லுக்கு முன்னால் நெஞ்சு வேகும். பின்கதவு வழியாக வரும் பனிக்காற்றில் முதுகு விறைத்துப்போகும். இடது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி ஏறியதுபோல வலி. சாப்பாடு என்பது நாலு மணிக்கு வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து ஆறிப்போன சோறு. ஒரு நாளில் நான் உட்காருவது அந்த ஐந்து நிமிடம்தான்.

பெரிய மாஸ்டர் வாயைத் திறந்தால் அம்மாவை இழுத்துத்தான் திட்டுவார். "நாங்க அடி வாங்கித்தான் தொழில் கத்துக்கிட்டோம்" என்பார். இரவு படுத்தாலும் "ரெண்டு செட் பரோட்டா, ஒரு கொத்து" என்று சப்ளையர் கூப்பிடுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்காக ஒரு குவாட்டர் போட ஆரம்பித்தேன். எட்டு மாதமாகத் தினமும். இப்போது அதுவும் போதவில்லை. ஓட்டலுக்குக் கீழே சின்ன அறை, நாலு பேர் படுக்கிறோம். குளிர் தாங்காமல் தந்தூரி அடுப்பில் மிஞ்சுகிற கரிக் கங்குகளை ஒரு எண்ணெய் டின்னில் போட்டு உள்ளே வைத்துக்கொள்வோம். ஜன்னல் சந்தில் சாக்கை அடைத்துவிடுவோம். காலையில் தலை பாரமாக, குமட்டலாக இருக்கும். டீ குடித்து வெளியே வந்தால் சரியாகிவிடும்.

போன முறை வீட்டுக்குப் போயிருந்தபோது மகள் "அப்பா, எனக்குக் குட்டி பரோட்டா போட்டுத் தா" என்றாள். எட்டு வயது. "வீட்டுக்கு வந்தும் அதையேவா" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் எங்கள் உதவிப் பையன், ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், 19 வயது, சால்னா வாளியைத் தட்டிவிட்டான். என் கையில் சூடான சட்டுவம் இருந்தது. வீசிவிட்டேன். அவன் முன்கையில் பட்டு ஒரு விரல் நீளத்துக்குத் தோல் வழண்டுவிட்டது. அவன் அழவில்லை. "ஸாரி மாஸ்டர்" என்றான். கொஞ்சம் டூத் பேஸ்ட் தடவிக்கொண்டு மறுபடி வெங்காயம் நறுக்கப் போய்விட்டான்.

எனக்குப் பதினேழு வயதில் என் மாஸ்டர் என்மேல் வீசியதும் சட்டுவம்தான். தழும்பு இடது முழங்கையில் இருக்கிறது. எந்தக் காலத்திலும் நான் அப்படி ஆகமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

எல்லாரும் தாங்குகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை? இது மனநோயா? வேலையை விட்டுவிடலாமா? முதலாளியிடம் 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். வேறு தொழில் தெரியாது.

பெயர் வேண்டாம் மேடம்.

•

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் ஒன்று. இன்று இரவிலிருந்து அந்தக் கங்கு டின் அறைக்குள் வரக் கூடாது. மூடிய அறையில் கரிக் கங்கு கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஒட்டவேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காலையில் தலை பாரம், குமட்டல், வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது அந்த வாயுவின் அடையாளம். உங்கள் மலையிலேயே, கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. புகை வரவில்லையே, கங்குதானே என்று நினைக்காதீர்கள். ஜன்னல் சாக்கை எடுத்துவிடுங்கள். குளிருக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும். மற்ற மூன்று பேரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். நாலு பேரும் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போய், அறைக்குள் கங்கு வைத்துத் தூங்கியதை மறைக்காமல் சொல்லுங்கள்.

குவாட்டர் விஷயமும் குளிரோடு சேர்ந்ததுதான். மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரியவைப்பதால் சூடு மாதிரித் தெரியும், உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். தூக்கமும் அப்படித்தான். சீக்கிரம் கண் அசரும், ஆனால் பின்னிரவுத் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். ஐந்து மணிக்கு எழும்போது நீங்கள் தூங்கியவராகவே எழுவதில்லை. எட்டு மாதத் தூக்கக் கடன் உங்கள் தலைமேல் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். குடிக்காத நாளில் கை நடுங்கினால், வியர்த்தால், நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். மருத்துவர் சொல்படி நிறுத்துங்கள். நடுக்கம் இல்லையென்றால் இன்றே அளவைக் குறைக்கத் தொடங்கலாம்.

சரி, மனநோயா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு நிலையைப் பற்றி எழுதிவைத்தது. வேலையிடத்து அழுத்தம் நீண்ட நாள் தீராமல் சேரும்போது மூன்று வரும் என்றது: உடலும் மனமும் வற்றிப்போவது, செய்கிற வேலைமேல் ஒரு வெறுப்பும் விலகலும், நம் கை இனி உதவாது என்ற எண்ணம். இதை ஒரு நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றுதான் குறித்தது. நாம் "வெறுத்துப் போச்சு" என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். மகள் குட்டி பரோட்டா கேட்டதும் கத்தினீர்களே, அங்கே நீங்கள் கத்தியது குழந்தைமேல் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் எட்டு வயதுக்கு அது தெரியாது, தம்பி. அவளிடம் நீங்களே சொல்ல வேண்டும். ஃபோனிலேயே சொல்லலாம்: "அப்பாவுக்கு அன்னைக்கு ரொம்ப அசதி, உன்மேல கோபமில்லை." இவ்வளவு போதும்.

எல்லாரும் தாங்குகிறார்கள் என்கிறீர்கள். தாங்குகிறார்களா? உங்கள் அறையில் எத்தனை பேர் குடிக்காமல் தூங்குகிறார்கள்? உங்களோடு மதுரையில் கிளீனராகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அடுப்படியில் நிற்கிறார்கள்? தாங்கமுடியாமல் போனவர்கள் கண்ணில் படுவதில்லை. நிற்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு உங்களைக் குறைவாக எடைபோடாதீர்கள். பதினெட்டு மணி நேரம் நிற்கும் எந்தக் காலிலும் நரம்பு சுருளலாம். கீழிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது அசைந்தால்தான் தள்ளும், ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். மாவு ஊறுகிற நேரத்தில் பத்துத் தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கல்லுக்குக் கீழே ஒரு செங்கல் போட்டு ஒரு காலை மாற்றி மாற்றி அதன்மேல் வையுங்கள். படுக்கும்போது காலுக்கு அடியில் மைதா சாக்கைச் சுருட்டி வையுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பை விட்டு, குதிகாலுக்கு மெத்தை உள்ள ஷூவுக்கு மாறுங்கள். காலுறை வகையெல்லாம் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

இனி அந்தப் பையன்.

நீங்கள் கடிதத்தில் அவனைக் கடைசியில் வைத்தீர்கள். எனக்கு அவன்தான் முதலில் தெரிந்தான். உங்களை ஆறுதல்படுத்த வேண்டும் என்பதற்காக "கோபத்தில் நடந்தது, விடுங்கள்" என்று சொல்ல மாட்டேன். அது தவறு. சூடு, கூட்டம், தூக்கமின்மை, எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தச் சட்டுவம் பெரிய மாஸ்டர்மேல் பறக்கவில்லை, முதலாளிமேலும் பறக்கவில்லை. அந்த அடுப்படியிலேயே சின்னவன், மொழி தெரியாதவன், திருப்பிக் கேட்க ஆளில்லாதவன் மேல்தான் போனது. இருபது வருடத்துக்கு முன்னால் மதுரையில் அந்த இடத்தில் நீங்கள் நின்றீர்கள். அடி வாங்கித்தான் தொழில் கற்றோம் என்று பெரிய மாஸ்டர் சொல்வதும் இப்படி வந்ததுதான். அடி வாங்கினார் என்பது நிஜம். அடியால் கற்றார் என்பதை நான் நம்பவில்லை. உங்களுக்கு வீச்சு கைவந்தது யாரோ வீசிய சட்டுவத்தாலா, ஆயிரக்கணக்கான உருண்டைகளைத் தட்டிப் பழகியதாலா? உங்களுக்கே தெரியும்.

ஆனால் தூக்கம் வராமல் எனக்கு எழுதினீர்கள். உங்கள் மாஸ்டர் யாருக்கும் எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன்.

அவனிடம் மன்னிப்பு கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டு இல்லை, அடுப்படியில், அவனைத் திட்டுகிற அதே ஆட்கள் முன்னால். இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் முகம் சொல்லிவிடும். அவன் கையைப் பார்த்து, சீழ் வைத்திருந்தால் நீங்களே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், செலவு உங்களுடையது. இனிமேல் யாருக்குச் சுட்டாலும் டூத் பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இருபது நிமிடம் கூட்ட நேரத்தில் பெரிய நேரம்தான், எனக்குப் புரிகிறது. அந்த நேரத்தை அவனுக்கு வாங்கித் தருவது மாஸ்டர் வேலை. இன்னொன்று: அடுத்த தடவை கை எழும்பும்போது அது உங்களுக்கு முன்னாலேயே தெரியும். தாடை இறுகும், காது சூடாகும். அப்போது சட்டுவத்தைக் கல்மேல் வைத்துவிட்டுப் பின்கதவுக்கு வெளியே போய் நில்லுங்கள். அந்தப் பனிக்காற்று இதற்காவது உதவட்டும். ஒரு செட் பரோட்டா தாமதமானால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

வேலையை விடுவது பற்றி. இப்போது முடிவெடுக்காதீர்கள் என்பேன். தூங்காத ஆள் எடுக்கும் முடிவு அது. முதலில் மூன்று வாரம் கங்கில்லாத அறை, குறைந்த குடி, தினம் ஆறு மணி நேரமாவது தூக்கம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கேளுங்கள். அது முதலாளி தரும் சலுகை இல்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் இந்த வேலைக்காகவே வந்தது. நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று அதில் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி முதலாளியோடு மோதச் சொல்லவில்லை. சீசன் தொடங்கும் முன், கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய், புதனில், பெரிய மாஸ்டரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். மலையில் பரோட்டா மாஸ்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களைவிட முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

அட்வான்ஸ் 60,000 ரூபாய் ஒரு கடன். கடனைத் திருப்பித்தர வேண்டும், அவ்வளவுதான். அதைக் காட்டி உங்களை அங்கேயே பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. மாதம் எவ்வளவு கழிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். கடன் எப்போது முடியும் என்ற தேதி கண்ணில் தெரிந்தால் மூச்சு கொஞ்சம் சுலபமாகும். மூன்று வாரம் கழித்தும் அடுப்படி வாசலை மிதிக்கும்போது வயிறு பிசைந்தால், அப்போது வேறு கடை, வத்தலக்குண்டிலேயே ஒரு மாலைநேரக் கடை என்று மனைவியோடு உட்கார்ந்து யோசிக்கலாம். உங்களுக்கு வேறு தொழில் தெரியாது என்பதில் நான் உடன்படவில்லை. இந்தத் தொழிலையே மனிதர் மாதிரிச் செய்யும் இடம் வேறு இருக்கலாம்.

பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், இரவு கடை அடைத்த பிறகும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வாழ்ந்து என்ன என்கிற நினைப்பு எப்போதாவது எட்டிப்பார்த்தால், அன்றைக்கே, யாரையும் எதிர்பார்க்காமல் அழைக்க வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மகளைப் பார்க்கக் கீழே இறங்கும் நாளில் அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள்.

எனக்கு மறுபடி எழுதுங்கள். பையனின் கை ஆறிவிட்டதா என்று முதல் வரியில் எழுதுங்கள். அவன் பெயர் என்ன என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடிதம் முழுக்க அவன் உங்களுக்கு "பையன்" ஆகவே இருக்கிறான்.

அன்புடன்,
அக்கா