மதுரை–காரைக்குடி ரயில் பாதைக்கு ஏன் நிதி கிடைப்பதில்லை?

மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பாதை கேட்டு இத்தனை வருடமாகியும் ஏன் வரவில்லை என்பது கேள்வி.

நிதி ஒதுக்கீடு என்றால், எந்த வேலைக்கு இந்த ஆண்டு எவ்வளவு செலவிடலாம் என்ற அனுமதி. ரயில்வே பட்ஜெட்டின் வேலைப் பட்டியலான பிங்க் புக்கில் அது வேலைவாரியாக இருக்கும். நாடு முழுக்கப் போட்டி. பாதியில் நிற்கும் வேலைகளுக்கே பெரும்பாலும் முதலிடம். புதுப் பாதை என்றால் போட்ட முதலுக்கு வருமானம் வருமா என்றும் பார்ப்பார்கள். சரக்குப் போக்குவரத்து பெரிதாக இல்லாத நம் பக்கம் அங்கேதான் அடிவாங்குகிறது.

பங்காளிகளுக்குப் பொதுவான செட்டிநாட்டு வீட்டை நினையுங்கள். வளவுக்கு, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு, புது ஆத்தங்குடிக் கல் போட ஒருவருக்கு ஆசை. பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டிருக்கும்போது பொதுப்பணம் அங்கேதானே போகும்?

பிங்க் புக்கில் பெயர் வந்தாலே பணம் வந்ததாக நினைக்காதீர்கள். வெறும் ஆயிரம் ரூபாய் போட்டுப் பெயரை மட்டும் உயிரோடு வைப்பதும் உண்டு. காரைக்குடி நிலையத்துக்கான அம்ரித் பாரத் (நிலையங்களை மேம்படுத்தும் திட்டம்) பணமும் வேறு கணக்கு, அதில் தண்டவாளம் போட முடியாது.