பழைய கேமுக்கு எந்தத் திரை? கையடக்கக் கருவி வாங்குவோருக்குக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆன்பர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச், ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ், மியூ மினி பிளஸ் மூன்றையும் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: எந்த மெஷினின் கேமை அதிகம் ஆடப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான். பிராசசருக்கு முன்னால் திரையைப் பாருங்கள். கேம்பாய் அட்வான்ஸ் படம் 240க்கு 160 பிக்சல். 34எக்ஸ்எக்ஸின் திரை 720க்கு 480, அதாவது சரியாக மூன்று மடங்கு. பழைய பிக்சல் ஒவ்வொன்றும் மூன்றுக்கு மூன்று கட்டமாக உட்கார்ந்துவிடும், கறுப்புப் பட்டையும் விழாது. அதே கேமை மற்ற இரண்டிலும் உள்ள 640க்கு 480 திரையில் அகலம் முழுக்க விரித்தால் 2.67 மடங்கு வரும். சில பிக்சல் வரிசை இரண்டாகவும் சில மூன்றாகவும் தடித்துவிடும். காட்சி நகரும்போது செங்கல் சுவர் நெளிவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பிளேஸ்டேஷன் 1 உங்கள் விருப்பம் என்றால் கணக்கு மாறும். அதில் பல கேம்கள் 320க்கு 240. ஆகவே 640க்கு 480 திரையில் கச்சிதமாக இரண்டு மடங்கு. சூப்பர் நின்டெண்டோவின் 256க்கு 224உம் இரண்டு மடங்காகி, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு நன்றாகவே நிற்கும். இவற்றுக்கு 35எக்ஸ்எக்ஸ் எச் வாங்குங்கள். மியூ மினி பிளஸ் சட்டைப் பைக்குள் அடங்கும், ஆனால் ராம் 128 எம்பிதான், அனலாக் ஸ்டிக்கும் இல்லை. பிளேஸ்டேஷன் 1 வரை போதும் என்பவர்களுக்கு அது அருமையான கருவி.

கேள்வி: பிஎஸ்பி (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்), பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம்கள் ஓடுமா?

பதில்: இந்த இரண்டு ஆன்பர்னிக்கிலும் இருப்பது எச்700 சிப், நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர். பிஎஸ்பியில் இலகுவான கேம்கள் ஓடும், காட் ஆஃப் வார் போன்றவை திணறும். பிஎஸ்2வுக்கு ஸ்னாப்டிராகன் 865 தரத்தில், ரெட்ராய்டு பாக்கெட் 5 போல ஒன்று வேண்டும். விலை எங்கேயோ போய்விடும்.

கேள்வி: கருவியோடு வந்த கார்டிலேயே எல்லாம் இருக்கிறதே, அதை ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

பதில்: பெரும்பாலும் பெயர் தெரியாத மலிவான கார்டுதான் கூட வருகிறது. ஒருநாள் திடீரென்று படிக்காமல் போகும், சேவும் கூடவே போகும். வந்த அன்றே அதிலிருப்பதைக் கணினியில் நகலெடுத்துவிட்டு நல்ல பிராண்டு கார்டு வாங்குங்கள். ஆன்பர்னிக்குக்கு இரண்டு: சிஸ்டத்துக்கு 32 ஜிபி, கேமுக்கு 64 அல்லது 128. மியூவுக்கு ஒன்று போதும். போலி கார்டு நிறையப் புழங்குகிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

35எக்ஸ்எக்ஸ் எச்சில் மியூஓஎஸ் (muOS) என்ற மாற்று சிஸ்டத்தைப் போடுவதாக இருந்தால், உங்கள் மாடலுக்கென்று உள்ள இமேஜை (முழு கார்டின் நகலான ஃபைலை) இறக்கி எட்சர் என்ற மென்பொருள் மூலம் 32 ஜிபி கார்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் விண்டோஸ் ‘டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். உள்ளே இருப்பவை லினக்ஸ் பார்ட்டிஷன்கள். விண்டோஸுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாததால்தான் அப்படிக் கேட்கிறது. ஓகே அழுத்திவிட்டு, கருவி உயிர் பெறவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். சிஸ்டம் கார்டு முதல் ஸ்லாட்டில், கேம் கார்டு இரண்டாவதில். முதல் முறை ஆன் ஆகச் சில நிமிடம் பிடிக்கும், நடுவில் அணைக்காதீர்கள்.

மியூ மினி பிளஸுக்கான மாற்று சிஸ்டமான ஆனியன் ஓஎஸ்ஸில் இமேஜ் எழுதும் வேலையே இல்லை. கார்டை ஃபேட்32 வகையில் ஃபார்மேட் செய்து ஃபைல்களை அப்படியே நகலெடுத்தால் போதும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாது என்றால் ரூஃபஸ் என்ற மென்பொருளில் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் கேம் திறந்ததும் கறுப்புத் திரையாகவே நிற்கிறது. சரி செய்ய உதவுங்கள் அண்ணா.

பதில்: முதலில் டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் கியூ (.cue) ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள், கேமின் தரவு உள்ள பின் (.bin) ஃபைலின் பெயர் இருக்கும். பின் ஃபைலுக்குப் பெயர் மாற்றிவிட்டு இந்த வரியை மறந்திருந்தால் எமுலேட்டர் (பழைய மெஷினைப் போல நடித்து கேமை ஓட்டும் மென்பொருள்), இல்லாத ஃபைலைத் தேடிக்கொண்டே இருக்கும். அது சரியாக இருந்தால் அடுத்து பயாஸ், அதாவது மெஷினைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள் ஃபைல். அமெரிக்கப் பதிப்புக்கு எஸ்சிபிஎச்5501, அளவு சரியாக 5,24,288 பைட். ஃபைல் பெயரில் ஆங்கில எழுத்தெல்லாம் சிறிய எழுத்தாக இருக்கட்டும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

இரண்டும் சரியாகி கேம் ஓடியபின் கேம்களைச் சிஎச்டி (.chd) என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரு டிஸ்க்குக்கு ஒரே ஃபைல், இடமும் மிச்சம், பெயர் பொருந்தாத தொல்லையும் இல்லை.

கேள்வி: எமுலேட்டரை மாற்றியதும் போகிமானில் என் சேவ் காணோம்!

பதில்: நீங்கள் போட்டு வைத்தது சேவ் ஸ்டேட்டாக இருக்கும். அது அந்த நொடியில் எமுலேட்டரின் நினைவகம் இருந்த நிலையைப் படியெடுத்தது. ஜிபிஎஸ்பி என்ற எமுலேட்டர் எடுத்த படியை எம்ஜிபிஏ என்ற இன்னொரு எமுலேட்டருக்குப் படிக்கத் தெரியாது. பழைய எமுலேட்டருக்கே திரும்பிப் போய் ஸ்டேட்டைத் திறங்கள், கேமின் மெனுவுக்குள் சென்று சேவ் செய்யுங்கள், முறையாக வெளியேறுங்கள். அப்போது எழுதப்படும் எஸ்ஆர்எம் ஃபைல் பெரும்பாலும் புதிய எமுலேட்டரிலும் செல்லுபடியாகும். இனிமேல் ஸ்டேட்டை ஒரு சௌகரியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொபைல் சார்ஜரில் போட்டால் சார்ஜே ஏறவில்லை. பழுதா?

பதில்: இரண்டு முனையும் டைப் சி உள்ள கேபிளா? அப்படியானால் பழுதாக இருக்க வேண்டியதில்லை. டைப் சி சார்ஜர், எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தென்பட்டால்தான் மின்சாரம் தரும். மலிவான சில கருவிகளில் அது இருப்பதில்லை. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக உள்ள கேபிளில், 5 வோல்ட் 2 ஆம்பியர் சாதா சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: இந்தியாவுக்கு எப்படி வரவழைப்பது?

பதில்: அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலோ இங்குள்ள விற்பனையாளரிடமோ வாங்கலாம். வெளியிலிருந்து வந்தால் சுங்க வரி, ஜிஎஸ்டி இரண்டும் உண்டு, கூரியர்காரர் கேஒய்சி ஆவணம் கேட்பார். பில்லைப் பத்திரமாக வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். திரையில் செத்த பிக்சல் இருந்தால் அந்த வீடியோ இல்லாமல் விற்பனையாளரிடம் வாதாட முடியாது.