பேஸ்மேக்கர் ஒயரால் சிரை அடைத்தால் ஸ்டென்ட் மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு ஆறு வருடங்களுக்கு முன் இடது மார்பில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். சில மாதங்களாக இடது கை வீங்குகிறது. தோளைச் சுற்றி நீல நரம்புகள் புடைத்துத் தெரிகின்றன. சிரையில் அடைப்பாம். ஒயரை எடுக்காமல் ஸ்டென்ட் மட்டும் வைக்கக் கூடாதா?

பதில்: பெரும்பாலும் கூடாது. ஒயர் சிரையின் உட்சுவரில் உரசிக்கொண்டே இருப்பதால் அங்கே ரத்தம் உறைகிறது, தழும்புத் திசு வளர்ந்து ஒயரைச் சுவரோடு ஒட்டிவிடுகிறது. அதன்மேல் ஸ்டென்ட்டை விரித்தால், ஒயர் ஸ்டென்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிச் சிக்கும். ஒயரின் மேலுறை கிழிந்து பழுதாகலாம். பின்னாளில் அந்த ஒயரில் கிருமித்தொற்று வந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். அப்போது எடுப்பது மிகக் கடினம்.

அதனால்தான் முதலில் ஒயரின்மேல் செலுத்தும் லேசர் குழாயாலோ சுழலும் குழாயாலோ தழும்பை அறுத்து ஒயரை உருவுகிறார்கள். அதே வழியில் வழிகாட்டும் மெல்லிய கம்பி செலுத்தி, பலூனால் விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைத்து, அதனுள்ளே புது ஒயரைச் செலுத்துகிறார்கள். இதயம் முழுக்க பேஸ்மேக்கரையே நம்பியிருந்தால் இடைக்காலத்துக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் தேவை. ஒயரை உருவும்போது மேற்பெருஞ்சிரை (உடலின் மேற்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) கிழிவது அரிது. ஆனால் கிழிந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். எனவே இதய அறுவை நிபுணர் தயாராக நிற்கும் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். இதை நீங்கள் வாய்விட்டுக் கேட்டே தீருங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, வீக்கம் புதிதாக வந்திருந்தால்தான் பெரிதும் உதவும். குறைந்தது 3 மாதம் தருவார்கள். கையை உயர்த்தி வைப்பதும் நல்லது. பழைய தழும்பை மாத்திரை கரைக்காது. அப்பாவுக்கு மாதங்கள் ஓடிவிட்டதால், வெனோகிராம் (சிரைக்குள் சாய மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்து அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்று பார்த்த பிறகே முடிவெடுக்கட்டும். காறை எலும்புக்குப் பின்னால் இருப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் சரியாகத் தெரியாது.

முகமும் கழுத்தும் வீங்கினாலோ, குனிந்தால் தலை கனத்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் பேஸ்மேக்கர் உண்டு. சிரையில் அடைப்பு இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. தொந்தரவு ஏதும் இல்லை. சிகிச்சை வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டாம். பக்கச் சிரைகள் பெரிதாகி ரத்தத்தைக் கொண்டுபோய்விடும். ஆனால் அடுத்த முறை புது ஒயர் சேர்க்க நேர்ந்தால் அந்தப் பக்கம் வழி இல்லாமல் போகலாம் என்பதால், அடைப்பு இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டயாலிசிஸ் தேவைப்படும் நிலை வந்தால், பேஸ்மேக்கர் உள்ள பக்கத்துக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட விடாதீர்கள். அடைபட்ட சிரைக்குள் ரத்தம் வேகமாகப் பாய்ந்து கை பெருத்துவிடும்.